ஸ்டோர் ரூமில் பதினான்கு பெட்டிகள், கணவருக்குத் தெரியாத தவணைகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். நீண்ட கடிதம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

அவர் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கிராணியாக இருக்கிறார். கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆறு வயதில் மகள், மூன்று வயதில் மகன். மகள் வரும் ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்கிறாள். இவர் கத்தோலிக்கர், கணவர் வீட்டார் இந்துக்கள். அதனால் தீபாவளிக்குப் புதுத்துணி, பலகாரம், ஆங் பாவ் (உறையில் போட்டுக் கொடுக்கும் பணம்) என்று செலவு செய்து மூச்சு விடுவதற்குள் கிறிஸ்மஸ் வந்து நிற்கிறது. போன கிறிஸ்மஸுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மரத்தடியில் 31 பொட்டலங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து தூங்கி, காலை ஏழு மணிக்குப் பிரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ பொட்டலத்தில் மகன் அழ ஆரம்பித்து, பிறகு ஒரு காலிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். மகள் கடைசிப் பொட்டலத்தையும் பிரித்துவிட்டு, "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டாள். இவர் மகளைத் திட்டிவிட்டு அடுப்படியில் போய் அழுதார். பின்னாலேயே வந்த கணவர், "நீ இதெல்லாம் பிள்ளைகளுக்கா வாங்கின? உனக்குத்தானே வாங்கின!" என்றார். ஒரு வருடம் ஆகியும் அந்த வார்த்தை ஆறவில்லை என்று எழுதியிருக்கிறார்.

இந்த வருடம் குறைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நவம்பர் 11 இணைய மலிவு விற்பனையில் 14 பொம்மைகள் வாங்கி ஸ்டோர் ரூமில் பழைய மெத்தைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கடிதத்தின் கடைசியில்தான் பணக் கணக்கு வருகிறது: கிரெடிட் கார்டில் போன கிறிஸ்மஸிலிருந்து தங்கிப்போன பாக்கி 3,800 வெள்ளி (ரிங்கிட்), அது போக "இப்போது வாங்கு, பிறகு கட்டு" செயலிகள் இரண்டில் 1,100 வெள்ளி சொச்சம். கார்டு பாக்கி கணவருக்குத் தெரியும். தவணைகள் தெரியாது. இருவரும் அடுத்த ஆண்டு சேர்ந்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள்: திடீரென்று குறைத்தால் பிள்ளைகள் மனம் உடைந்துவிடுமா? ஆளுக்கு ஒரே ஒரு பரிசு என்று கணவர் சொல்வது சரியா? எனக்கு இது ஒரு வியாதியா? தவணை விஷயத்தை அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் கடிதத்தில் பொம்மைகளைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது, கடனைப் பற்றி நான்கே வரி. எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது அந்த நான்கு வரிதான். இருந்தாலும் நீங்கள் முதலில் கேட்டது பிள்ளைகளைப் பற்றி, அங்கிருந்தே வருகிறேன்.

மகள் கேட்ட அந்தக் கேள்வி

"இவ்வளவுதானா?" என்பதை நன்றி கெட்ட பேச்சு என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு மணி நேரமாகக் காகிதத்தைக் கிழிப்பது, உள்ளே பார்ப்பது, அடுத்ததை எடுப்பது என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டு, அது முடிந்துவிட்டதா இன்னும் இருக்கிறதா என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டிருக்கிறாள். பத்துப் பொட்டலம் இருந்திருந்தாலும் கேட்டிருப்பாள், அறுபது இருந்திருந்தாலும் கேட்டிருப்பாள். அவளைத் திட்டியதற்காக இப்போது உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அவள் அதை மறந்திருப்பாள்.

மகன் அழுதது அதைவிட எளிய விஷயம். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை, முதல் நாள் இரவு சரியான தூக்கம் இல்லை, சுற்றிலும் சத்தம், ஒன்றைக் கையில் எடுத்து என்னவென்று பார்ப்பதற்குள் அடுத்ததை நீட்டுகிறார்கள். எனக்கே அழுகை வந்திருக்கும். அவன் பெட்டிக்குள் ஏறியதை "காசு கொடுத்து வாங்கிய பொம்மையை மதிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் உருப்படியாக விளையாடியது அவன் ஒருவன்தான்.

இதைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 2018-இல் வெளிவந்த முடிவு: நான்கு மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். சின்ன ஆய்வுதான், குழந்தைகளும் உங்கள் மகனைவிடச் சின்னவர்கள், அதை வைத்துப் பெரிய தீர்ப்பெல்லாம் எழுத முடியாது. ஆனால் வீட்டில் நாம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

போன வருடம் 31, இந்த வருடம் 6 என்றால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்கிறீர்கள். இன்று இரவு மகளிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள், போன கிறிஸ்மஸுக்கு உனக்கு என்னென்ன கிடைத்தது என்று. நாலோ ஐந்தோ சொல்வாள், அதிலும் ஒன்று தீபாவளிக்கு வந்ததாக இருக்கும். மகனுக்கு அந்தப் பெட்டியாவது நினைவிருந்தால் ஆச்சரியம். வீட்டில் கணக்கு வைத்திருப்பவர் நீங்கள் மட்டும்தான்.

மகளுக்கு விவரம் தெரியும் வயதாகிவிட்டது, குறைந்திருப்பதைக் கவனிக்கலாம் என்பது உண்மை. அதற்கு வழி முன்கூட்டியே சொல்வது. காலை ஏழு மணிக்கு மரத்தடியில் ஏமாற்றம் கொடுக்காமல், டிசம்பர் முதல் வாரத்தில் குடில் கட்டும்போதே, "இந்தத் தடவை கொஞ்சமாகத்தான் வாங்குகிறோம், உனக்கு ரொம்ப வேண்டியது எது, சொல்" என்று கேளுங்கள். காரணம் கேட்டால், "பள்ளிக்குப் போகிறாயே, அதற்கும் பணம் வேண்டும்" என்றால் போதும். பாவப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். ஆறு வயதில் அதைக் கேட்டு யாரும் நல்லவராவதில்லை.

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை

கெடா மாநிலத் தோட்டப்புறத்தில் உங்களுக்கு எட்டு வயதாக இருந்தபோது தேவாலயத்தில் கிறிஸ்மஸ் பரிசுக்கு வரிசையில் நின்றதையும், உங்கள் முறை வரும்போது பொட்டலங்கள் தீர்ந்துபோனதையும், கையில் ஒரு புனிதர் படத்தைக் கொடுத்து அனுப்பியதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை நான் இரண்டு தடவை படித்தேன். "என் பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்கவே கூடாது" என்று முடித்திருக்கிறீர்கள்.

அவர்கள் அந்த வரிசையில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அப்பா அம்மா இருவருக்கும் வேலை, அத்தை மாமா பாட்டி தாத்தா என்று சுற்றிலும் ஆட்கள், அவர்களுக்குக் கிறிஸ்மஸ் என்றால் ஏற்கனவே நிறைந்த நாள். அன்று உங்களுக்கு வலித்தது பொம்மை கிடைக்காதது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். எல்லார் கையிலும் ஒரு பொட்டலம் இருக்க, நீங்கள் அந்தப் படத்தோடு மட்டும் அத்தனை பேர் முன்னால் நடந்து வந்தீர்கள், கூட இருந்த அம்மாவாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இதை 31 பொட்டலத்தால் சரிசெய்ய முடியாது. முடிந்திருந்தால் போன வருடமே சரியாகியிருக்கும், இந்த வருடம் மெத்தைக்குப் பின்னால் எதையும் ஒளித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் கணவர் சொன்னது பாதி சரி. ஆனால் கிறிஸ்மஸ் காலையில், அடுப்படியில் அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டிய பாதி அது இல்லை. இன்னொன்று, அந்த வரிசைக் கதை அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தெரியாது என்றால், உங்களை அவர் வெறும் ஷாப்பிங் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். அதையும் சொல்லுங்கள்.

அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், உங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருப்பார்கள், ஏதாவது ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு என்ன தேவை என்று அவர்களிடம் கேட்டு ஒரே ஒரு பொட்டலம் ரொக்கத்துக்கு வாங்கிக் கொடுங்கள். ஒன்று. இதையும் ஒரு புதிய ஷாப்பிங் பட்டியலாக்கிவிட வேண்டாம்.

"வட்டி இல்லை, அதனால் கடன் இல்லை"

இது கடிதத்தில் இருக்கும் உங்கள் வாக்கியம். இதைத்தான் முதலில் திருத்த வேண்டும். வட்டி இல்லாத தவணையும் கடன்தான். ஜனவரி, பிப்ரவரி மாதச் சம்பளத்தை நவம்பரிலேயே செலவழித்திருக்கிறீர்கள், ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணம் வரும், கணக்கு முடங்கும். இந்தச் சேவைகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரத்தான் 2025-இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவரே பல செயலிகளில் 200, 300 என்று சேர்த்துக்கொண்டு போவதுதான் இதில் ஆபத்து. உங்களுக்கு நடந்ததும் அதேதான், இரண்டு செயலியிலுமாக 1,100.

கார்டு கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் குறைந்தபட்சத் தொகையைப் பன்னிரண்டு மாதமும் நாள் தவறாமல் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வரை வட்டி, பத்து மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. மூன்று மாதம் தாமதமாகக் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள், ஆக 18-இல்தான் இருப்பீர்கள். 3,800 வெள்ளிக்கு மாதம் சுமார் 57 வெள்ளி வட்டி. குறைந்தபட்சம் 5 விழுக்காடு என்று 190 கட்டினால், அசலில் குறைவது 133 மட்டும். போன கிறிஸ்மஸ் பொம்மைகளில் பாதி இப்போது உடைந்திருக்கும், அவற்றுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பழைய பாக்கி நிற்கும்போது கார்டில் புதிதாக வாங்குவதற்கு அந்த 20 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது, கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும். "புதுசாக வாங்குவதை மட்டும் அந்தந்த மாதமே கட்டிவிடுகிறேன்" என்பது உங்களைக் காப்பாற்றாது.

அடுத்து வீட்டுக் கடன். கார்டு உங்கள் பெயரில், அதனால் அந்தப் பாக்கிக்குச் சட்டப்படி பொறுப்பு நீங்கள்தான், கணவர் இல்லை. ஆனால் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது வங்கி இருவருடைய சிசிஆர்ஐஎஸ் பதிவையும், அதாவது பேங்க் நெகாரா (மத்திய வங்கி) வைத்திருக்கும் கடன் பதிவையும், எடுக்கும். கடந்த 12 மாதத்தில் எந்த மாதம் கட்டத் தவறியது என்பது அதில் வரிசையாகத் தெரியும். கணவர் இதை வங்கி அதிகாரியின் மேசை முன் உட்கார்ந்து தெரிந்துகொள்வது நன்றாகவா இருக்கும்?

ஆகவே, ஆமாம், சொல்லித்தான் ஆக வேண்டும். கிறிஸ்மஸுக்கு முன்பே சொல்லுங்கள். அவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில் வேண்டாம், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். ஓய்வு நாளாகப் பார்த்து, எல்லாத் தொகையையும் ஒரே தாளில் எழுதி, கட்ட வேண்டிய தேதிகளோடு முன்னால் வையுங்கள். 600 என்று சொல்லிவிட்டு மீதியைப் பிறகு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டாவது தடவை தெரியவரும்போது முதல் தடவை சொன்னதற்கும் மதிப்பு போய்விடும். கோபப்படுவார். படட்டும். கோபம் ஒரு வாரத்தில் இறங்கும். ஆனால் உங்களை நம்பலாமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அவ்வளவு சுலபமாகப் போகாது. கோபத்தில் கை ஓங்கும் ஆளாக இருந்தால் நான் சொல்வதே வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை.

இருவரும் சேர்ந்து ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகலாம். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனை இலவசம், பினாங்கிலும் கிளை உண்டு. அங்கே போனாலே பெயர் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆலோசனை கேட்பது வேறு, அவர்களுடைய கடன் சீரமைப்புத் திட்டத்தில் சேர்வது வேறு. சேர்ந்தால்தான் புதிய கடன் எடுப்பது சிரமம். உங்கள் தொகைக்கு அந்தத் திட்டம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன், ஒரு வரவுசெலவுத் தாளும் பூட்டி வைத்த ஒரு கார்டும் போதும்.

வியாதியா?

பண்டிகைக்கு அளவு மீறி வாங்குவதே வியாதி ஆகாது. நான் கவனிப்பது வேறு. வருடம் முழுக்க வாங்குகிறீர்களா? வாங்கும் நிமிடத்தில் மட்டும் நிம்மதி, பொட்டலம் வந்ததும் குற்ற உணர்ச்சி, அதைத் தணிக்க மறுபடி வாங்குவது என்று சுற்றுகிறதா? பிரிக்காத பெட்டிகள் சேருகின்றனவா? நிறுத்த முயன்று முடியாமல் போகிறதா? உங்களிடம் ஒளித்து வைப்பது இருக்கிறது, குறைப்பதாகச் சொல்லிவிட்டு வாங்கியதும் இருக்கிறது. டிசம்பருக்கு வெளியே இல்லை என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும்கூட மெத்தைக்குப் பின்னால் ஏதாவது இருந்தது என்றால், பதிவு பெற்ற ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள். மனம் ரொம்ப அலைபாய்ந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-க்கு அழைத்துப் பேசலாம்.

செயலிகளைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடுங்கள், குறைந்தது டிசம்பர் 12 விற்பனை முடியும் வரையாவது. "பார்த்துவிட்டு மட்டும் மூடிவிடுகிறேன்" என்பது நடக்காது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த டிசம்பருக்கு

ஆளுக்கு ஒரே பரிசு என்ற உங்கள் கணவர் யோசனையை நான் ஏற்கவில்லை. தவறு என்பதற்காக இல்லை, 31-லிருந்து 2-க்கு இறங்கினால் நீங்கள் தாங்க மாட்டீர்கள், 24-ஆம் தேதி மாலை ஏதாவது ஒரு பேரங்காடியில் நிற்பீர்கள். ஆளுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: விளையாட ஒன்று, படிக்கவோ வரையவோ ஒன்று, பயன்படுத்த ஒன்று. மகளுக்கு அந்த மூன்றாவது பள்ளிப் பையாக இருக்கட்டும், எப்படியும் ஜனவரியில் வாங்கித்தான் ஆக வேண்டும். 2026-இலிருந்து பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால் கிறிஸ்மஸ் செலவும் சீருடை, காலணிச் செலவும் தோளோடு தோள் உரசும். அரசாங்கத்தின் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி இருக்கிறது, ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு?

கிறிஸ்மஸ் தாத்தா பெயரில் வருவது ஆளுக்கு ஒரே ஒரு சின்னப் பொருளாக இருக்கட்டும். பெரிதை அவர் பெயரில் வைத்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏன் அவர் சின்னதைக் கொடுத்தார் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் தேட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே காலையில் கொட்ட வேண்டும் என்று திருச்சபைகூடச் சொல்லவில்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6-ஐ ஒட்டி வருகிறது, பரிசு கொண்டுவந்தவர்களே அன்றைக்குத்தானே வருகிறார்கள்! ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள்.

கோலாலம்பூரிலிருந்து வரும் உங்கள் அண்ணன் ஒவ்வொரு வருடமும் ஆள் உயரப் பொம்மையோடு இறங்குவதாகவும், அவரிடம் எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். "வாங்காதே அண்ணா" என்றால் மனம் நோகும். "பிள்ளைகளை ஒருநாள் புக்கிட் பெண்டேரா மலை ரயிலில் கூட்டிக்கொண்டு போ அண்ணா, மாமாவோடு போக வேண்டும் என்கிறார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பணமாகக் கொடுப்பவர்களுக்கு, பிள்ளைகள் பெயரில் எஸ்எஸ்பிஎன் என்ற தேசியக் கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்து வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். 20 வெள்ளியில் திறக்கலாம், அந்த ஆண்டு நிகரமாகப் போட்ட தொகைக்குப் பெற்றோருக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிச் சலுகையும் உண்டு. தீபாவளி ஆங் பாவும் அங்கேயே போகட்டும். அதுவும் பொம்மையாக மாறிவிட்டது என்பதை நீங்கள் எழுதாமலே ஊகித்தேன்.

"தீபாவளிக்கு ஒரு சட்டை, கிறிஸ்மஸுக்கு லாரி லாரியாய்ப் பொம்மையா?" என்று மாமியார் கேட்பது உங்களுக்குச் சமயக் குத்தலாகப் படுகிறது. இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு பண்டிகைக்கும் நடுவில் அவருக்கு உண்மையிலேயே ஒரு மனக்குறை இருக்கக் கூடும், பேரப்பிள்ளைகள் தன் வீட்டுப் பண்டிகையைவிட உங்கள் பண்டிகைக்குத் துள்ளுகிறார்கள் என்று. கிறிஸ்மஸ் அச்சு முறுக்குக்கு அவரை வந்து மாவு கரைத்துத் தரச் சொல்லுங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நடந்தால் நல்லது, நடக்காவிட்டால் விட்டுவிடுங்கள், இந்த டிசம்பரில் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

வீட்டில் ஏற்கனவே இருக்கும் பொம்மைகளைப் பிள்ளைகள் தூங்கும்போது மூட்டை கட்டிக் கொடுத்துவிட வேண்டாம். மகள் ஒருநாள் தேடுவாள், காணாது, அப்புறம் எதையும் விட மாட்டாள். பாதியைப் பெட்டியில் போட்டு மேலே வைத்து, இரண்டு மாதம் கழித்து இறக்கி, இப்போது இருப்பதை மேலே ஏற்றுங்கள். கொடுப்பதை அவளையே எடுக்கச் சொல்லுங்கள். ஆசிரமத்துக்குக் கொடுப்பதென்றால் முதலில் போன் செய்து கேளுங்கள். டிசம்பரில் பொம்மைகள் அங்கே குவிந்து கிடக்கலாம், அவர்களுக்கு வேண்டியது பால் மாவு, டயப்பர், பள்ளிக் காலணியாக இருக்கலாம்.

கடைசியாக அந்த 14 பெட்டிகள். கணவரிடம் பேசி முடித்த பிறகு, இருவருமாகச் சேர்ந்து வெளியே எடுத்து வகைப்படுத்துங்கள். முதலில் பாதுகாப்பு: நம் நாட்டில் விற்கும் பொம்மைகளில் 2009-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளின்படி எம்சி (MC) என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாதது, ஸ்க்ரூ இல்லாமல் கையாலேயே திறக்கும் பட்டன் பேட்டரி மூடி உள்ளது, சின்னக் காந்தம், தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் மணிகள், இவை எதையும் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் கொடுக்காதீர்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடியாதவற்றைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள். மனம் மாறியதற்காகத் திருப்புவது சட்ட உரிமை இல்லை, ஒவ்வொரு விற்பனைத் தளமும் தன் விதிப்படி அனுமதிப்பதுதான், அதனால் இன்றே பாருங்கள், விற்பனை முடிந்து நாளாகிவிட்டது. வரும் பணம் நேராகத் தவணைக்குப் போகட்டும். மிச்சமிருப்பதிலிருந்து கிறிஸ்மஸுக்கும் ஜனவரி 6-க்கும் தேர்ந்தெடுங்கள், கடைக்குப் போக வேண்டியதே இருக்காது. அதற்கும் மேல் இரண்டு மூன்று இருந்தால் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு எடுத்து வையுங்கள், ஆனால் மெத்தைக்குப் பின்னால் வேண்டாம், கணவருக்குத் தெரிந்த அலமாரியில் வையுங்கள்.